கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பொதுப்பணத்தில் மீட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் செயின்ட் செபல்கர்ஸ் என்றொரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஜி.யு. போப் அங்கேதான் அடக்கமானார், 1908-ல். "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று அவர் கல்லறையில் எழுதியிருப்பதாக நம் மேடைகளில் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் கல்லில் அப்படி ஒரு வரியே இல்லை. வேறொரு வரி இருக்கிறது: அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்தார்கள் என்று. என்னைக் கேட்டால் இல்லாத வரியைவிட இருக்கும் வரிதான் பெரிய விஷயம். கப்பலில் போனால் வாரக்கணக்கில் ஆகும் ஊரில் இருந்த ஒரு கல்லுக்கு இங்கிருந்தவர்கள் பணம் போட்டிருக்கிறார்கள்.

கல்லறை மீட்பில் இறங்குகிறவருக்கு இதில் இரண்டு பாடம் உண்டு. கல்லை நேரில் போய்ப் படிக்காமல் யார் சொன்னதையும் நம்பாதீர்கள். கேட்கிற விதத்தில் கேட்டால் செத்தவருக்குச் சொந்தமே இல்லாதவர்களும் பணம் கொடுப்பார்கள்.

தமிழ்நாட்டில் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி, ஊட்டி என்று பழைய ஐரோப்பியக் கல்லறைகள் நிறைய இருக்கின்றன. பழவேற்காட்டு டச்சுக் கல்லறையின் வாயிலில் இருபுறமும் எலும்புக்கூடு செதுக்கிய கற்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அது மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், சீமைக்கருவேலம் மண்டி, "வெள்ளைக்காரன் கல்லறை" என்ற பெயரோடு ஊர் ஓரத்தில் கிடக்கும் இடங்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. நானும் நண்பர்கள் ஐந்தாறு பேரும் அப்படி ஒரு கடலோரத் தோட்டத்தில் இறங்கிக் கற்றுக்கொண்டவை இவை. பாதி, தப்புச் செய்து கற்றுக்கொண்டவை.

முதல் படி: நிலம் யாருடையது?

எல்லோரும் உண்டியலோடு ஆரம்பிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். பணம் வந்த பிறகு அதைச் செலவழிக்க யாருடைய அனுமதி வேண்டும் என்று தெரியாமல் எட்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அதனால் உண்டியலைத் தொடாதீர்கள். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் சர்வே எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணை வைத்து அ-பதிவேட்டின் (எந்த நிலம் யாருடையது என்று காட்டும் கிராமப் பதிவேடு) நகலும் புலப்படமும் (நிலத்தின் அளவுப்படம்) வாங்குங்கள். நகரமாக இருந்தால் நகர நிலஅளவைப் பதிவேடு.

பதிவேட்டில் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று இருக்கும். மயானப் புறம்போக்கு, அதாவது அரசு நிலம், திருச்சபையின் பெயர், வக்ஃபு, அல்லது எப்போதோ யாரோ தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட பட்டா. கடைசி வகை என்றால் இந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். திருச்சபை நிலம் என்றால் உள்ளூர்ப் போதகரின் வாய்வார்த்தை போதாது. சொத்து பெரும்பாலும் மறைமாவட்டத்தின் அல்லது மத்திய டிரஸ்டின் பெயரில் இருக்கும், அங்கிருந்து எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். போதகர் மாறிப் போனாலும் அந்தக் கடிதம் மாறாது.

ஆவணம் கிடைக்கவில்லை என்று கையை விரித்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் "ஏன் பராமரிக்கவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "இந்த சர்வே எண்ணுக்கான அ-பதிவேட்டு நகல், ஆக்கிரமிப்பு தொடர்பான கோப்புகளின் நகல்" என்று காகிதத்தைக் கேளுங்கள். அப்புறம் சர்வேயரை அழைத்து எல்லைக் கல் நட்டுவிடுங்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கள் தோட்டத்தில் நாங்கள் மதில் என்று நினைத்தது பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே தள்ளிக் கட்டிய சுவர்.

இரண்டாம் படி: ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட இடமா?

இந்தியத் தொல்லியல் துறையின் பட்டியலையும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பட்டியலையும் பாருங்கள். மத்தியப் பட்டியலில் இருந்தால் நீங்கள் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியாது. சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். அங்கே உங்கள் வேலை மனு கொடுப்பதும் நினைவூட்டுவதும் மட்டும்.

பட்டியலில் இல்லை என்றால் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாமா? கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு முன் யோசியுங்கள். மத்தியச் சட்டப்படி குறைந்தது 100 வருடம் பழையதாக இருக்க வேண்டும். அறிவிப்பு வெளியிட்டு இரண்டு மாதம் ஆட்சேபணைக்கு விடுவார்கள். அந்த 100, 200 மீட்டர் விதி தெரிந்ததும் சுற்றுவட்டாரத்தில் வீடு வைத்திருக்கிற அத்தனை பேரும் ஆட்சேபணையோடு வருவார்கள். நேற்று வரை உங்களுக்கு மோர் கொடுத்தவர்கள்தான். ஊர் நடுவில் இருக்கும் சின்னத் தோட்டத்துக்கு இந்த அந்தஸ்து உதவியைவிடப் பகையைத்தான் அதிகம் கொண்டுவரும் என்பது என் கருத்து. ஒதுக்குப்புறமான, அரிய கற்கள் உள்ள இடம் என்றால் தாராளமாகக் கேளுங்கள்.

மூன்றாம் படி: பதிவு செய்யுங்கள், ஒவ்வொரு கல்லாக

பணம் தரக்கூடிய எந்த அதிகாரியும், எந்த நிறுவனமும் கேட்கிற முதல் கேள்வி "இதில் என்ன இருக்கிறது?" என்பதுதான். "பழமையான கல்லறைகள்" என்று பதில் சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 43 கல்லறைகள், அவற்றில் 19-ல் எழுத்து படிக்க முடிகிறது, மிகப் பழையது இந்த வருடம், இரண்டு இன்னும் பத்து மாதம் தாங்காது என்று சொன்னால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்கள்.

நூல் பிடித்துத் தோட்டத்தைக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கல்லறைக்கும் எண் கொடுங்கள். கல்லில் பெயின்டால் எழுதாதீர்கள், மரக்குச்சியில் எழுதிப் பக்கத்தில் நடுங்கள். நீளம், அகலம், உயரம், பொருள் (கருங்கல்லா, பளிங்கா, செங்கல் மேல் சுண்ணாம்புப் பூச்சா), சேதம், நான்கு பக்கப் படம், எழுத்தின் நேர்ப்படி. தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ், மாவு, சவரநுரை எதையும் பூசாதீர்கள். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் நிலைக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோய் வெளிச்சத்தைச் சாய்வாகத் திருப்பி விடுங்கள். நடுப்பகலில் மொட்டையாகத் தெரிந்த கல்லில் ஐந்தரை மணிக்கு ஒரு முழுக் குடும்பமே எழுந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்: அப்பா, அம்மா, ஒரு வயது நிரம்பாத மூன்று குழந்தைகள்.

அடுத்து பழைய பட்டியல்களோடு ஒப்பிடுங்கள். சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை ஜே.ஜே. காட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொகுத்து 1905-ல் அரசே வெளியிட்டது. இன்று உடைந்துபோன கற்களின் வாசகம் அதில் முழுதாக இருக்கலாம். டச்சுக்காரர் கல்லறை என்றால் தொல்லியல் துறையின் அலெக்ஸாண்டர் ரீ 1897-ல் வெளியிட்ட அளவைப் படங்களையும் பாருங்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னை மாகாணத் தேவாலயங்களின் அடக்கப் பதிவேடுகள் தனி வரிசையாகவே இருக்கின்றன. இதில் ஒரு லாபமும் உண்டு. அந்தக் குடும்பப் பெயர்களைத் தேடி அலைகிற வாரிசுகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், பின்னால் நன்கொடை தரப்போவதும் அவர்களில் சிலர்தான்.

வெள்ளைக்காரப் பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். ஓரத்தில், எழுத்தே இல்லாத மேடுகளையும் எண்ணிட்டுப் பதியுங்கள். உள்ளூர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். சமையல்காரர், ஆயா, உபதேசியார், காலராவில் போன கூலிக்காரர்கள் என்று அந்த மேடுகளுக்கும் ஆட்கள் இருப்பார்கள். ஊர் உங்கள் பக்கம் வருவது இவர்களை நீங்கள் பதிந்தபோதுதான்.

நான்காம் படி: சுத்தம் செய்யலாம், ஆனால்

முதல் ஞாயிற்றுக்கிழமை ஆர்வத்தில் நாங்கள் செய்த பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை வாங்கி ஒரு பளிங்குக் கல்லில் ஊற்றினோம். நுரைத்தது, பளபளத்தது, கைதட்டினோம். பளிங்கும் சுண்ணாம்பு இனம்தான், ஆசிட் அதைத் தின்றுவிடும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த மழைக்குப் பிறகு பார்த்தால், இருநூறு வருடம் நின்ற எழுத்தில் கடைசி இரண்டு வரி காணோம்.

ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பிப் பிரஷ், மணல் வீச்சு, பிரஷர் பம்ப் எதுவும் வேண்டாம். தண்ணீர், மெல்லிய நார் பிரஷ், மூங்கில் சீவல், பொறுமை. இவை போதும். ஜேசிபியை உள்ளே விடவே விடாதீர்கள், அதன் சக்கரத்துக்கு அடியில் எத்தனை கல் புதைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கல்லறையின் செங்கல்லுக்குள் அரசமரமோ ஆலமரமோ வேர்விட்டிருந்தால் பிடுங்காதீர்கள். இத்தனை காலம் அந்தக் கட்டடத்தை உடைத்த வேர்தான் இப்போது அதைக் கட்டிப் பிடித்தும் வைத்திருக்கிறது. தண்டை அறுத்து, துளிர்க்கும்போதெல்லாம் வெட்டி, வேர் செத்த பிறகு கொத்தனாரை வைத்து எடுக்க வேண்டும்.

பாம்பு இருக்கும். முழங்கால் வரை பூட்ஸ், கையில் நீளக் கம்பு, பக்கத்து ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்ற விசாரிப்பு, இதெல்லாம் முதல் நாளே.

இன்னொன்று, நீங்கள் கடப்பாரையோடு உள்ளே போனாலே புதையல் எடுக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பும். வேலை ஆரம்பிக்கும் முன் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்து ரசீது வாங்குங்கள். உண்மையிலேயே ஏதாவது அகப்பட்டால், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். தொகை பழையது, சட்டம் பழையதில்லை.

ஐந்தாம் படி: எஸ்டிமேட்

சாதாரண கான்ட்ராக்டரிடம் கேட்டால் சிமென்ட், டைல்ஸ், பெயின்ட் என்று எழுதித் தருவார். சிமென்ட் பழைய செங்கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் வெளியே விடாது. உள்ளே மாட்டிக்கொள்ளும் ஈரமும் கடலோரத்து உப்பும் செங்கல்லைத்தான் பொடியாக்கும். பூச்சு நிற்கும், உள்ளே இருப்பது போய்விடும். எனவே எஸ்டிமேட் சுண்ணாம்புக் காரைக்குத்தான். பாரம்பரியக் கட்டட வேலை தெரிந்த கட்டடக் கலைஞர் ஒருவரைப் பிடியுங்கள். கட்டடக்கலைக் கல்லூரி ஏதாவது பக்கத்தில் இருந்தால் மாணவர்களின் படிப்பு வேலையாகவே அளவுப்படம் வரைந்து தருவார்கள், செலவு மிச்சம்.

எஸ்டிமேட்டை ஒரே தொகையாகப் போடாமல் மூன்றாக உடையுங்கள். உடனே செய்யாவிட்டால் விழுந்துவிடும் கல்லறைகள். மதில், கேட், பாதை, வடிகால். மற்ற கல்லறைகளின் சீரமைப்பு. ஏன் இப்படி என்பது அடுத்த படியில் புரியும்.

ஆறாம் படி: பணம்

அரசுப் பணத்தில் ஒரு சுவர் உண்டு, அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி வருடத்துக்கு 5 கோடி ரூபாய். ஆனால் வழிபாட்டு இடத்துக்குள்ளோ, மத அமைப்புக்குச் சொந்தமான நிலத்திலோ அதைச் செலவிட விதி இடம் தராது. சட்டமன்ற உறுப்பினர் நிதி தொகுதிக்கு 3 கோடி, அங்கும் இதே கேள்வி எழும். அதனால் உங்கள் தோட்டம் மயானப் புறம்போக்காக இருந்தால் அதிர்ஷ்டம். திருச்சபை நிலமாக இருந்தால் அரசிடம் உள்ளே செலவழிக்கக் கேட்காதீர்கள், வெளியே கேளுங்கள்: அணுகுசாலை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு. எஸ்டிமேட்டை மூன்றாக உடைக்கச் சொன்னது இதற்குத்தான். மனுவில் "கிறிஸ்தவக் கல்லறை" என்று தலைப்புப் போட்டால் ஒரு மேசைக்குப் போகும், "18-ஆம் நூற்றாண்டு வரலாற்றுச் சின்னம்" என்று போட்டால் வேறு மேசைக்குப் போகும். இரண்டுமே உண்மைதான்.

நமக்கு நாமே திட்டம்தான் என் முதல் தேர்வு, நிலம் பொதுநிலமாக இருந்தால். மொத்தச் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். மதிலும் பாதையும் 9 லட்சம் என்றால் நீங்கள் திரட்ட வேண்டியது 3 லட்சம். பாதிக்கு மேல் நீங்களே போட்டால் வேலையையும் நீங்களே செய்ய அனுமதி கேட்க வழி உண்டு. சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரை நீங்களே வைத்துக்கொள்ள இது உதவும். மனு மாவட்ட ஆட்சியருக்கு. ஊராட்சி என்றால் கையோடு கிராம சபைத் தீர்மானமும் இருக்கட்டும். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்தில் எழுந்து தீர்மானத்தை வாசிக்கப் போகிறவர் உள்ளூர்க்காரராக இருக்கட்டும், நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி அடுத்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம். வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடங்களையும் இடங்களையும் சீரமைப்பது அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கிறது. மனுவில் அந்த வரியை அப்படியே எடுத்துப் போடுங்கள். சிக்கல் என்னவென்றால், பணம் வாங்கும் அமைப்புக்கு வருமானவரிப் பதிவும் மூன்று வருட வேலை அனுபவமும் வேண்டும். நேற்று ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதிந்துவிட்டு இன்று கேட்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் ஒரு நல்ல டிரஸ்டோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அதன் மூலம் கேளுங்கள்.

தேசியப் பண்பாட்டு நிதியம் என்று ஒன்றை மத்திய அரசு 1996-ல் தொடங்கியது. அதன் வழியாகக் கொடுக்கும் நன்கொடைக்கு முழு வரிவிலக்கு உண்டு. பெரிய நன்கொடையாளர் ஒருவர் கையில் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள், சின்னத் தொகைக்கு இத்தனை காகிதம் தாங்காது.

சரி, ஊர் மக்களிடம் திரட்டுவது. சொந்த வங்கிக் கணக்கில், சொந்த செல்போன் எண்ணில் பணம் வாங்காதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். சங்கத்தின் பெயரில் கணக்கு, இருவர் கையெழுத்து, ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, மாதம் ஒருமுறை வரவு செலவை வாட்ஸ்அப் குழுவிலும் ஊர் நோட்டீஸ் பலகையிலும் போடுவது. வரிச்சலுகை எதிர்பார்க்கிறவர்களிடம் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்க வேண்டாம், அவர்களுக்குச் சலுகை கிடைக்காது. பொதுவாகக் கேட்பதைவிட "17-ஆம் எண் கல்லறை, இன்ன செலவு" என்று ஒரு கல்லைக் காட்டிக் கேட்டால் பணம் சீக்கிரம் வருகிறது. மூன்றாம் படியில் பட்ட பாடு இங்கேதான் பலன் தரும்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம். தெற்காசியாவில் உள்ள ஐரோப்பியக் கல்லறைகளுக்காக 1976-ல் லண்டனில் தொடங்கிய பாக்ஸா என்ற சங்கம் உள்ளூர்க் குழுக்களுக்குச் சிறு மானியங்கள் தருகிறது. கொல்கத்தாவில் 1767-ல் தொடங்கிய சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம் மீண்டதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு இல்லாத அமைப்பு ஒரு பவுண்டுகூட வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு மூன்று வருட இருப்பும் அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கும் வேண்டும். குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டும் முன்அனுமதி வாங்கும் வழியும் உண்டு. துபாயில் வேலை பார்க்கும் உங்கள் சித்தப்பா பையன் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்தால் அவர் சொந்தப் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை அனுப்பினால் ஆகும். அத்தையின் மனம் நோகாமல் இதை விளக்குவது உங்கள் பாடு.

ஏழாம் படி: வேலை

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஆரம்பியுங்கள். சுண்ணாம்பைக் குழியில் ஊறவைக்க வாரக்கணக்கில் நேரம் வேண்டும், பூசிய பிறகு ஈரச்சாக்கு போட்டு மெதுவாக உலரவிட வேண்டும். சுண்ணாம்பில் வேலை செய்த கொத்தனார் ஒருவராவது வேண்டும், கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் விசாரித்தால் கிடைப்பார். முதலில் மிகச் சாதாரணமான ஒரு கல்லறையில் செய்து பார்த்துவிட்டு ஒரு மாதம் கழித்து மற்றதைத் தொடுங்கள். உடைந்த துண்டுகளை எதையும் வெளியே எறியாதீர்கள். எழுத்து அழிந்த கல்லில் புதிதாக எழுத்து வெட்டாதீர்கள், வாசகத்தைத் தனிப் பலகையில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

எட்டாம் படி: அதற்கப்புறம்

சீரமைப்புக்குப் பணம் தருகிறவர்கள் இருக்கிறார்கள், புல்வெட்டத் தருகிறவர்கள் இல்லை. இரண்டு மழைக்காலம் போதும், கருவேலம் திரும்ப வந்துவிடும். அதனால் திரட்டிய பணத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைப்பு நிதியில் போடுங்கள், அதன் வட்டி வருடத்துக்கு இரண்டு முறை ஆள் கூலிக்காவது வரட்டும்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஆர்னோஸ் வேல். ராஜா ராம்மோகன் ராய் அங்கேதான் இருக்கிறார். தனியார் கையில் சீரழிந்து, மூடப்பட இருந்த தோட்டத்தைத் தன்னார்வலர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 2003-ல் நகராட்சி அதைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. பிறகு, லாட்டரி வருமானத்தில் பாரம்பரிய இடங்களுக்கு உதவும் அந்நாட்டு நிதியத்திலிருந்து 48 லட்சம் பவுண்டு வந்தது. இன்று அங்கே காபிக் கடை இருக்கிறது, கல்யாணம்கூட நடக்கிறது, அந்த வருமானம் பராமரிப்புக்குப் போகிறது. நம் ஊரில் கல்லறையில் கல்யாணம் வைக்கச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் காலையில் நடக்க வருகிறவர்கள், வரலாற்று நடைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள், நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தியோடு சொந்தக் கல்லறைக்கு வருகிற குடும்பங்கள் என்று ஆள் நடமாட்டத்துக்கு நமக்கும் வழி உண்டு. நாங்கள் ஒரு வருடம் அந்தக் குடும்பங்களிடம் ஆளுக்கு ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக வாங்கிவரச் சொல்லி, பழைய தோட்டத்திலும் ஏற்றச் சொன்னோம். அடுத்த வருடம் சொல்லாமலே வந்தார்கள்.

கேட்டுக்குப் பூட்டுப் போடுங்கள். சாவி யார் வீட்டில் இருக்கிறது என்பதைக் கேட்டிலேயே எழுதி வையுங்கள். எங்கள் தோட்டத்தில் அது எதிரே இருக்கும் டீக்கடையில் தொங்குகிறது, சாவி வாங்கப் போகிறவர்களில் பாதிப்பேர் டீ குடிப்பதால் கடைக்காரரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்.